யூரிக் அமிலம் அதிகமா? குடல் பாக்டீரியாவை எப்படிக் கணக்கில் சேர்த்துக்கொள்வது

ரிப்போர்ட்டில் யூரிக் அமிலம் என்ற வரிக்குப் பக்கத்தில் 8.1 என்றோ 9 என்றோ தடித்த எழுத்தில் இருந்தால், நம்மில் பலர் உடனே செய்வது இரண்டு காரியம். கறி, மீன், பருப்பு எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்துவது ஒன்று. இரவு முழுக்க போனைப் பார்த்துக்கொண்டிருப்பது இன்னொன்று. அப்படிப் பார்க்கும்போது இப்போதெல்லாம் கண்ணில் படுவது புரோபயாடிக், அதாவது குடலுக்கு நல்லது என்று விற்கப்படும் உயிருள்ள பாக்டீரியா: இந்தக் காப்ஸ்யூலைப் போட்டால் குடல் சரியாகும், குடல் சரியானால் யூரிக் அமிலம் தானாக இறங்கும் என்கிறார்கள். இதில் குடலுக்கும் யூரிக் அமிலத்துக்கும் தொடர்பு உண்டு என்பதில் நிஜமான அறிவியல் இருக்கிறது, காப்ஸ்யூல் அதைச் சரிசெய்யும் என்பது இன்னும் நிரூபணமாகவில்லை. இப்போதுதான் இதைப் படிக்கத் தொடங்குகிறவர்கள் என்ன செய்யலாம், எந்த வரிசையில் செய்யலாம் என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

குடலுக்கும் யூரிக் அமிலத்துக்கும் என்ன சம்பந்தம்

நம் செல்களின் டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. இரண்டிலும் பியூரின் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. பழைய செல்கள் அழிந்து புதியவை உருவாகும்போதெல்லாம் அது உடைகிறது, சாப்பாட்டிலிருந்தும் கொஞ்சம் வந்து சேர்கிறது. உடைந்து கடைசியில் மிஞ்சுவதுதான் யூரிக் அமிலம். பெரும்பாலான பாலூட்டிகளிடம் யூரிகேஸ் என்ற நொதி இருப்பதால் அவை யூரிக் அமிலத்தையும் உடைத்துவிடுகின்றன. மனிதக் குரங்குகளும் நாமும் வந்த வம்சத்தில் அந்த மரபணு ஒரு கோடி ஆண்டுகளுக்கும் முன்பே பழுதாகிவிட்டது. அதனால் நமக்கு இருக்கும் ஒரே வழி அதை வெளியேற்றுவதுதான்.

இந்த வெளியேற்றத்தில் சுமார் மூன்றில் இரண்டு பங்கைச் சிறுநீரகம் பார்த்துக்கொள்கிறது. மீதி மூன்றில் ஒரு பங்கு குடல் வழியாகப் போகிறது. இதைப் பலரும் கேள்விப்பட்டதே இல்லை, ரிப்போர்ட்டைக் கையில் கொடுப்பவர்களும் சொல்வதில்லை. சிறுநீரகம் பலவீனமானவர்களுக்குக் குடலின் பங்கு இன்னும் கூடுகிறது. குடல் சுவரில் ஏபிசிஜி2 என்ற புரதம் இருக்கிறது, ரத்தத்திலிருந்து யூரிக் அமிலத்தைக் குடலுக்குள் தள்ளும் வேலை அதனுடையது. இந்தப் புரதத்துக்கான மரபணுவில் பரவலாகக் காணப்படும் ஒரு மாற்றம் இருந்தால் வேலை மந்தமாகிறது, கவுட், அதாவது யூரிக் அமிலப் படிகங்கள் மூட்டில் சேர்ந்து வீக்கமும் வலியும் தரும் நோய், வரும் வாய்ப்பு அதிகமாகிறது. அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் கால் பெருவிரல் வீங்கியது, இப்போது மகனுக்கும் வீங்குகிறது என்றால் மொத்தப் பழியையும் சாப்பாட்டின் மேல் போட வேண்டாம்.

குடலுக்குள் போன யூரிக் அமிலம் என்ன ஆகிறது? அங்கேதான் பாக்டீரியா வருகிறது. 2023-இல் 'செல்' இதழில் வந்த ஆய்வு ஒன்று, குடலில் வாழும் பாக்டீரியாக்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று ஆக்ஸிஜன் இல்லாமலேயே யூரிக் அமிலத்தை உடைக்கக்கூடியது என்று காட்டியது. அவை அதைச் சாந்தீன் என்ற பொருளாகவோ, லாக்டேட்டும் குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்களுமாகவோ மாற்றுகின்றன. யூரிகேஸ் இல்லாத எலிகளுக்கு ஆன்டிபயாட்டிக் கொடுத்து இந்தப் பாக்டீரியாக்களை அழித்தபோது ரத்தத்தில் யூரிக் அமிலம் கிடுகிடுவென ஏறியது. மனிதர்களின் மருத்துவப் பதிவுகளைப் பார்த்தபோதும், ஆக்ஸிஜன் இல்லாமல் வாழும் பாக்டீரியாக்களைக் கொல்லும் ஆன்டிபயாட்டிக் எடுத்தவர்களிடம் கவுட் வரும் அபாயம் கூடியிருந்தது.

அதாவது நாம் தொலைத்த நொதியின் வேலையில் ஒரு பகுதியை இந்தச் சின்ன உயிர்கள் செய்துகொண்டிருக்கின்றன. இதுவரை எல்லாம் சரி. ஆனால் இந்த வேலையைச் செய்யும் பாக்டீரியாக்களில் பல, ஆக்ஸிஜன் பட்டால் பிழைக்காதவை. கடையில் விற்கும் காப்ஸ்யூல்களில் பெரும்பாலும் இருப்பதோ லாக்டோபேசிலஸ், பைஃபிடோபாக்டீரியம் வகைகள். ஆய்வில் பார்த்தது ஒன்று, டப்பாவில் இருப்பது பல நேரம் இன்னொன்று. விளம்பரங்கள் இந்த இடைவெளியைப் பற்றி மூச்சு விடுவதில்லை.

படி 1: நீங்கள் எந்த இடத்தில் இருக்கிறீர்கள் என்று பாருங்கள்

யூரிக் அமிலம் டெசிலிட்டருக்கு 6.8 மில்லிகிராமைத் தாண்டினால் உடம்பின் வெப்பநிலையில் அது கரைந்திருக்க முடியாமல் படிகமாகத் தொடங்கலாம். தாண்டிய எல்லோருக்கும் படிகம் சேர்வதில்லை, சேர்ந்த எல்லோருக்கும் வலி வருவதில்லை. அதனால் ஒரே ஒரு எண்ணை வைத்து முடிவெடுக்காதீர்கள். சில வாரம் கழித்து, முந்தின நாள் மதுவோ கடுமையான உடற்பயிற்சியோ இல்லாமல், போதுமான தண்ணீர் குடித்துவிட்டு, அதே ஆய்வகத்தில் இன்னொரு தடவை பாருங்கள். பட்டினி கிடந்து எடை குறைப்பவர்களுக்கும், மாவுச்சத்தை அடியோடு நிறுத்தியவர்களுக்கும் அந்த நாட்களில் எண் மேலே போகும். அதைப் பார்த்துப் பயப்படுவது வீண்.

இன்னொன்று, மூட்டு வீங்கி வலி உச்சத்தில் இருக்கும்போது எடுக்கும் பரிசோதனையில் யூரிக் அமிலம் சாதாரணமாகவே தெரியலாம். 'நார்மல்தானே, அப்போ இது கவுட் இல்லை' என்று சொல்லிவிட முடியாது. வலி அடங்கி இரண்டு, மூன்று வாரம் கழித்து எடுத்தால்தான் உண்மையான அளவு தெரியும்.

அப்புறம் நீங்கள் ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகளைப் பாருங்கள். ரத்த அழுத்தத்துக்கும் கால் வீக்கத்துக்கும் கொடுக்கும் நீர் மாத்திரைகள், இதயத்துக்காகக் கொடுக்கும் குறைந்த அளவு ஆஸ்பிரின் இரண்டும் யூரிக் அமிலத்தை ஏற்றும். நீங்களாக நிறுத்தக் கூடாது, ஆஸ்பிரினை நிறுத்தவே கூடாது. ஆனால் டாக்டரிடம் கேட்கலாம். ரத்த அழுத்தத்துக்கு லோசார்டன் ஒத்துவருமா என்று கேட்பதில் தப்பில்லை, அது யூரிக் அமிலத்தைக் கொஞ்சம் இறக்கவும் செய்யும். ஆறு மாதம் புரோபயாடிக் சாப்பிட்டு வராத இறக்கம் சில நேரம் ஒரு மாத்திரையை மாற்றினாலே வந்துவிடும்.

படி 2: மருந்து தேவையா என்பதை முதலில் முடித்துவிடுங்கள்

எண் அதிகம், ஆனால் மூட்டு வலி வந்ததே இல்லை, சிறுநீரகக் கல்லும் இல்லை என்றால், அமெரிக்க வாதநோய் மருத்துவர்கள் கல்லூரியின் 2020 வழிகாட்டுதல் மருந்து தொடங்கச் சொல்வதில்லை. உணவையும் குடலையும் கவனிக்க அவசரமில்லாத நேரம் இது.

வருடத்துக்கு இரண்டு தடவையோ அதற்கு மேலோ கவுட் தாக்குகிறது, தோலுக்கடியில் கட்டி தெரிகிறது, எக்ஸ்ரேயில் மூட்டு அரித்திருக்கிறது என்றால் கதை வேறு. இங்கே மருந்துதான் முதல், மற்றதெல்லாம் பக்கத்துணை. அலோப்யூரினால் போன்ற மருந்துகளைக் குறைந்த அளவில், அலோப்யூரினால் என்றால் பொதுவாக நாளுக்கு 100 மில்லிகிராம் அல்லது அதற்கும் கீழே தொடங்கி, யூரிக் அமிலம் 6-க்குக் கீழே வரும்வரை படிப்படியாகக் கூட்டுவார்கள். இறங்கத் தொடங்கிய முதல் சில மாதங்களில் பழைய படிகங்கள் கரைவதால் தாக்குதல் கூடத்தான் செய்யும். அதற்காகவே 3 முதல் 6 மாதம் வரை கோல்ச்சிசின் மாதிரி தடுப்பு மருந்தும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். இந்தக் கட்டத்தில் 'மருந்து போட்டதும் வலி அதிகமாயிடுச்சு, எனக்கு ஒத்துக்கல' என்று நிறுத்திவிட்டு புரோபயாடிக் பக்கம் வருகிறவர்கள் நிறைய. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். தோலில் தடிப்பு வந்தால் மட்டும் கதை வேறு, அப்போது அலோப்யூரினாலை உடனே நிறுத்திவிட்டு அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்.

படி 3: ஏற்கெனவே உள்ளே இருப்பவைக்குச் சாப்பாடு போடுங்கள்

என்னைக் கேட்டால் இந்தக் கட்டுரையிலேயே அதிக பலன் தரும் படி இதுதான், டப்பா எதுவும் வாங்க வேண்டியதில்லை. உங்கள் குடலில் இருக்கும் பாக்டீரியாவுக்கு வேண்டியது நாம் செரிக்க முடியாத நார்ச்சத்து. அது கிடைத்தால் அவை ப்யூட்டிரேட் போன்ற குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்களை உண்டாக்குகின்றன. பெருங்குடல் சுவரின் செல்களுக்கு ப்யூட்டிரேட்தான் முக்கிய எரிபொருள். கவுட் உள்ளவர்களின் குடலை ஆராய்ந்து 2016-இல் வெளியான ஓர் ஆய்வில், ப்யூட்டிரேட் தயாரிக்கும் ஃபீக்காலிபாக்டீரியம் பிராஸ்னிட்ஸி என்ற இனம் அவர்களிடம் குறைந்திருந்தது. குறைந்ததால் கவுட் வந்ததா, கவுட்டாலும் மருந்தாலும் குறைந்ததா என்பதை அந்த ஆய்வு சொல்லாது. எப்படிப் பார்த்தாலும் நார்ச்சத்து சாப்பிடுவதில் நஷ்டமில்லை.

நடைமுறையில் எப்படி? முழுத்தானியம், பயறு, பருப்பு, கீரை, காய், கொட்டை வகை, தோலோடு சாப்பிடக்கூடிய பழம். இதில் 'பருப்பும் கீரையும் பியூரின் ஆச்சே' என்ற பயம் வரும். வர வேண்டாம். சுமார் 47,000 ஆண்களை 12 வருடம் தொடர்ந்து பார்த்து 2004-இல் வெளியான ஆய்வில், இறைச்சியும் கடல் உணவும் கவுட் அபாயத்தை ஏற்றின, பியூரின் அதிகமுள்ள காய்கறிகள் ஏற்றவில்லை. கொழுப்பு குறைந்த பால் பொருட்கள் சாப்பிட்டவர்களிடம் அபாயம் குறைவாகவே இருந்தது. யூரிக் அமிலம் என்று கேட்டதும் பருப்பை நிறுத்தி, அந்த இடத்தில் வெறும் வெள்ளைச் சோற்றையும் ரொட்டியையும் வைப்பவர்கள் குடல் பாக்டீரியாவைப் பட்டினி போடுகிறார்கள், அவ்வளவுதான்.

ஒரேயடியாகக் கூட்டினால் வயிறு உப்பிக்கொண்டு, காற்று பிரிந்து, நான்காம் நாளே வெறுத்துப்போகும். முதல் வாரம் ஒரு வேளைச் சாப்பாட்டில் மட்டும் ஒரு கைப்பிடி அளவு வேகவைத்த பயறு, அடுத்த வாரம் இன்னொரு வேளையில் ஒரு காய், அதற்கடுத்த வாரம் தானியத்தை மாற்றுவது என்று போங்கள். பயறை இரவே ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் நன்றாகக் குழைய வேகவைத்தால் உப்புசம் குறையும். தண்ணீரும் சேர்த்துக் குடியுங்கள், இல்லையென்றால் நார்ச்சத்தே மலச்சிக்கலைக் கொண்டுவரும். சிறுநீரக நோய் முற்றியவர்கள், தண்ணீர் அளவும் பொட்டாசியமும் கட்டுப்படுத்தப்பட்டவர்கள் இந்தப் பத்தியை அப்படியே பின்பற்ற வேண்டாம், உங்கள் டாக்டர் சொன்ன கணக்குதான் உங்களுக்கு.

சேர்ப்பதைப் போலவே எடுப்பதும் முக்கியம். சர்க்கரை போட்ட குளிர்பானம், பாட்டில் பழச்சாறு இரண்டையும் முதலில் விடுங்கள். அவற்றிலுள்ள ஃபிரக்டோஸ் என்ற சர்க்கரை கல்லீரலுக்குப் போனதும் அதை உடைப்பதற்காக, செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி என்ற மூலக்கூறு மளமளவெனச் செலவாகிறது, அந்தச் செலவின் மிச்சம் யூரிக் அமிலமாகிறது. பியூரினே இல்லாத ஒரு பானம் யூரிக் அமிலத்தை ஏற்றுவது இப்படித்தான். முழுப் பழத்தில் நார்ச்சத்தோடு மெதுவாக வரும் ஃபிரக்டோஸ் அவ்வளவு தொல்லை இல்லை. மதுவில் பீர்தான் மோசம், ஆல்கஹாலோடு பியூரினும் சேர்ந்து வருகிறது.

இவ்வளவும் செய்தால் எவ்வளவு இறங்கும்? உணவு மாற்றத்தால் மட்டும் பெரும்பாலும் 1 மில்லிகிராம் அளவுக்குத்தான். எடை அதிகமிருந்து குறைத்தால் இன்னும் கொஞ்சம். 7.2-இல் இருப்பவருக்கு இது பெரிய விஷயம். 10-இல் இருப்பவருக்கு மருந்தின் வேலையை இது செய்யாது.

படி 4: புளித்த உணவு

தயிர், மோர், கெஃபிர் என்ற புளித்த பால் பானம், புளிக்கவைத்த காய்கள் எல்லாம் இதில் வரும். தயிருக்கு இரட்டை லாபம், பால் புரதங்கள் சிறுநீரில் யூரிக் அமிலம் வெளியேறுவதைக் கூட்டுகின்றன, அதோடு உயிருள்ள பாக்டீரியாவும் கிடைக்கிறது. சூடாக்கினால் பாக்டீரியா போய்விடும், அதனால் கொதிக்கவைத்த தயிர்க் குழம்பை இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. பழச்சுவையோடு சர்க்கரை கொட்டி வரும் கப் தயிரும் வேண்டாம், ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் பிடுங்கிவிடும். புளிக்கவைத்த காய்களில் உப்பு அதிகம், ரத்த அழுத்தம் இருப்பவர்கள் அளவோடு சாப்பிடுங்கள்.

படி 5: புரோபயாடிக் வாங்கித்தான் பார்ப்பேன் என்றால்

பாருங்கள், தப்பில்லை. ஆனால் லேபிளைப் படிக்கத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். சரியான லேபிளில் ஒவ்வொரு பாக்டீரியாவுக்கும் மூன்று பகுதி இருக்கும். லாக்டோபேசிலஸ் காசேரி பிஏ-3 என்று எடுத்துக்கொண்டால் லாக்டோபேசிலஸ் பேரினம், காசேரி இனம், பிஏ-3 என்பது ரகம், அதாவது ஸ்ட்ரெயின். ஆய்வுகள் எல்லாம் அந்தக் கடைசிப் பகுதியை வைத்துத்தான் நடக்கின்றன. 'லாக்டோபேசிலஸ் காசேரி' என்று மட்டும் போட்டு ரகத்தை எழுதாத டப்பாவுக்கு அந்த ஆய்வுகள் பொருந்தாது. ஒரே இனத்தில் ஒரு ரகம் பியூரினைத் தின்னும், பக்கத்து ரகம் தின்னாது. இன்னொரு குழப்பம், 2020-இல் லாக்டோபேசிலஸ் பேரினத்தைப் பிரித்து நிறைய இனங்களுக்குப் புதுப் பெயர் வைத்துவிட்டார்கள். பழைய லாக்டோபேசிலஸ் சாலிவேரியஸ் இப்போது லிஜிலாக்டோபேசிலஸ் சாலிவேரியஸ். இரண்டு பெயரும் கடைகளில் புழங்குகின்றன, ஏமாற்று என்று நினைக்க வேண்டாம்.

ஆதாரம் எவ்வளவு இருக்கிறது? பிஏ-3 ஜப்பானில் ஆராயப்பட்டது. யூரிக் அமிலத்தை அல்ல, உணவிலுள்ள பியூரினை நாம் உறிஞ்சுவதற்கு முன் அது எடுத்துக்கொள்கிறது என்பதுதான் யோசனை. மனிதர்களிடம் நடந்த சோதனைகள் சின்னவை, கிடைத்த பலனும் சின்னது. சாலிவேரியஸில் சிஇசிடி 30632 என்ற ரகத்தை அடிக்கடி கவுட் வந்தவர்களிடம் ஆறு மாதம் சோதித்தார்கள். மொத்தம் 30 பேர், தாக்குதல்களின் எண்ணிக்கை குறைந்தது. நம்பிக்கை தருகிற செய்திதான், ஆனால் 30 பேரை வைத்து ஊருக்கெல்லாம் பரிந்துரைக்க முடியாது. எந்தப் பெரிய கவுட் வழிகாட்டுதலும் இன்றுவரை புரோபயாடிக்கைச் சிகிச்சையாகச் சேர்க்கவில்லை.

எண்ணிக்கையைப் பார்க்கும்போது, தயாரித்த நாளில் எத்தனை என்பதை விட காலாவதி நாளில் எத்தனை உயிரோடு இருக்கும் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். குளிரில் வைக்க வேண்டியதை வெயிலில் தூக்கிவந்தால் 100 கோடி என்று எழுதியிருப்பதில் எத்தனை மிச்சம் இருக்கும் என்று சொல்ல முடியாது. 'யூரிக் அமிலத்தைக் கரைக்கும்' என்று பெட்டியிலேயே போட்டிருந்தால் நான் அதை வாங்க மாட்டேன். சத்துக்காக விற்கும் பீர் ஈஸ்ட் மாத்திரைகளும் இதே அலமாரியில்தான் இருக்கும், கவனம், ஈஸ்டில் பியூரின் அதிகம்.

யார் வாங்கவே கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள், கீமோதெரபியில் இருப்பவர்கள், ரத்தக்குழாயில் நிரந்தரக் குழாய் பொருத்தியவர்கள், மருத்துவமனையில் தீவிர சிகிச்சையில் இருப்பவர்கள். 2008-இல் வெளியான ஒரு சோதனையில் கணைய அழற்சி தீவிரமாக இருந்தவர்களுக்குப் புரோபயாடிக் கொடுத்தபோது மரணம்தான் கூடியது. 'இயற்கைதானே, என்ன ஆயிடும்' என்ற பேச்சு இங்கே எடுபடாது.

படி 6: பலன் இருக்கிறதா என்று சோதிக்கும் முறை

ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். புரோபயாடிக், குளிர்பானத்தை விடுவது, நடைப்பயிற்சி மூன்றையும் ஒரே திங்கட்கிழமை தொடங்கினால் எது இறக்கியது என்று கடைசிவரை தெரியாது, காப்ஸ்யூல்தான் பெயரைத் தட்டிக்கொண்டு போகும். உணவு மாற்றத்தை முதலில் செய்து, 8 முதல் 12 வாரம் கழித்து ஒரு பரிசோதனை எடுங்கள். அது உங்கள் புது அடிப்படை. அதன்பின் மற்ற எதையும் மாற்றாமல் புரோபயாடிக், மறுபடி 12 வாரம், அதே ஆய்வகத்தில் காலை வேளையில் பரிசோதனை. 7.6 என்பது 7.3 ஆகியிருந்தால் அதை வெற்றி என்று எழுதிவைக்காதீர்கள், அந்த அளவு ஏற்ற இறக்கம் சும்மாவே வரும். 1 புள்ளிக்குப் பக்கத்தில் இறங்கி, அடுத்த பரிசோதனையிலும் அங்கேயே நின்றால் யோசிக்கலாம். இறங்கவில்லையென்றால் டப்பாவை முடித்ததோடு விட்டுவிடுங்கள்.

ஆன்டிபயாட்டிக் எடுக்க நேர்ந்தால்

சளிக்கும் வைரஸ் காய்ச்சலுக்கும் ஆன்டிபயாட்டிக் கேட்டு வாங்காதீர்கள். யூரிக் அமிலத்தை உடைக்கும் பாக்டீரியாக்களும் அதோடு சேர்ந்து போகும். உண்மையாகவே தேவைப்பட்டால் சொன்ன நாள்வரை முழுசாக எடுங்கள், கவுட் பயத்தில் பாதியில் நிறுத்தக் கூடாது. கூடவே புரோபயாடிக் போட்டால் குடல் சீக்கிரம் பழைய நிலைக்குத் திரும்பும் என்பது பரவலான நம்பிக்கை. 2018-இல் வந்த ஓர் ஆய்வில், ஆன்டிபயாட்டிக்குக்குப் பிறகு பல ரகம் கலந்த புரோபயாடிக் சாப்பிட்டவர்களின் சொந்தப் பாக்டீரியாக்கள் திரும்பி வர, ஒன்றுமே சாப்பிடாதவர்களை விட அதிக நாள் ஆனது. ஆன்டிபயாட்டிக்கால் வரும் வயிற்றுப்போக்கைத் தடுக்க டாக்டர் புரோபயாடிக் எழுதிக்கொடுத்தால் அது வேறு காரணம், அப்போது எடுக்கலாம், இரண்டுக்கும் நடுவே இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள். மற்றபடி படி 3-இல் சொன்ன சாப்பாட்டுக்குத் திரும்புவது போதும்.

இதற்கெல்லாம் நடுவில் ஒரு ராத்திரி பெருவிரல் சிவந்து, போர்வை பட்டாலே உயிர் போகிற மாதிரி வலித்தால், அந்த நேரத்தில் தயிரும் காப்ஸ்யூலும் ஒன்றும் செய்யாது. காலை உயர்த்தி வைத்து, துணியில் சுற்றிய ஐஸ் ஒத்தடம் கொடுத்துக்கொண்டு, வலிக்கான மருந்தை முடிந்தவரை முதல் நாளிலேயே டாக்டரிடம் கேட்டுத் தொடங்குங்கள். அலோப்யூரினால் ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்தால் அதை நிறுத்தாமல் தொடருங்கள். மூட்டு வலியோடு காய்ச்சலும் குளிரும் சேர்ந்திருந்தால் விடியும்வரை காத்திருக்காதீர்கள், மூட்டுக்குள் கிருமித் தொற்றும் இதே மாதிரிதான் தொடங்கும்.